மலைக்கு டிக்கெட் எடுத்தேன், வெந்நீரில் இறங்கினேன்

போன செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்காக போலந்துல இருக்கிற கிராக்கூவ் நகரத்துல அஞ்சு மாசம் இருந்தேன். அங்கே போகிற இந்திய மாணவர்கள் எல்லாரும் முதல் மாசத்துலயே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாகணும். "டாட்ரா மலைக்கு எப்போ போறே? தனியாவா, டூர்லயா?"

டூர்னு சொன்னா ஹாஸ்டல்ல ஒரு சிரிப்பு வரும். "அதெல்லாம் ரிட்டையர் ஆன அங்கிள் ஆன்ட்டிங்களுக்கு. பஸ்ல ஏத்துவாங்க, இறக்குவாங்க, ஆடு மாதிரி எண்ணுவாங்க." அங்கே பி.எச்.டி. பண்ணிக்கிட்டிருந்த ஒரு அக்கா இன்னும் நேரடியா சொன்னாங்க. "ஷூ வாங்கு, பஸ் ஏறு, நட. அதுதான் மலை."

நான் டூர்தான் போனேன். நவம்பர் மாசம், ஒரு சனிக்கிழமை. கிட்டத்தட்ட 250 ஸ்லோட்டி, நம்ம காசுக்கு ஐயாயிரத்தைத் தாண்டும். அந்தச் சிரிப்பு பாதி நியாயம், பாதி தப்புங்கறதுதான் இந்தக் கட்டுரை. எது நியாயம்னு முதல்ல சொல்லிடறேன்.

கிராக்கூவ்ல இருந்து தெற்கே சுமார் நூறு கிலோமீட்டர்ல ஸாக்கோபானேன்னு ஒரு மலையடிவார ஊர். அதுக்குப் பின்னாடி டாட்ரா மலைத்தொடர், அதைத் தாண்டினா ஸ்லோவாக்கியா. ரோடு நல்லா இருந்தா ரெண்டு மணி நேரம். போலந்து முழுக்க லீவு நாள்ல அந்த ரோட்டுலதான் நிக்கும்னு டிரைவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், நாங்களும் நின்னோம். டூர்ல காட்டற விஷயங்கள் எந்தக் கம்பெனியானாலும் ஏறக்குறைய ஒண்ணுதான்: ஒரு மர வீட்டுக் கிராமம், புகையில பதப்படுத்தின சீஸ், குபவூஃப்கா குன்றுக்கு ரயில், க்ருபூஃப்கி கடைத்தெரு, கடைசியா வெந்நீர்க் குளம்.

இதுல மலை எங்கே இருக்குன்னு பாருங்க. குபவூஃப்கா ஒரு குன்று, உயரம் 1,120 மீட்டர் சொச்சம். 1938ல போட்ட ரயில், சாய்வான தண்டவாளத்துல கேபிள் இழுத்து மேலே கொண்டுபோகும். ஒரு பெட்டி ஏறும்போது இன்னொண்ணு இறங்கும், நடுவுல ரெண்டும் விலகிக்கும். மெக்கானிக்கல் ஸ்டூடண்டா எனக்கு அது பிடிச்சிருந்தது. ஆனா அந்தக் குன்று டாட்ராவே இல்ல, டாட்ராவை எதிர்ல நின்னு பார்க்கிற இடம். தூங்குற வீரன் மாதிரி இருக்குன்னு சொல்ற கியெவொன்ட் சிகரமும், அதன் உச்சியில 1901ல நட்ட இரும்புச் சிலுவையும் அங்கிருந்து தெரியணும். எங்களுக்குத் தெரிஞ்சது வெள்ளை. மேகம் சுவர் மாதிரி நின்னுது. கைடு கையை நீட்டி "அங்கே கியெவொன்ட்" என்றார், நாங்க முப்பது பேரும் மரியாதையா அந்த வெள்ளையை போட்டோ எடுத்தோம்.

சீஸ் கதையும் அப்படித்தான். அதன் பேர் ஒஸ்சிபெக். செம்மறியாட்டுப் பால்ல செஞ்சு, செதுக்கின மர அச்சுல அழுத்தி, குடிசையில புகை போட்டு எடுப்பாங்க. 2008ல இருந்து ஐரோப்பிய யூனியன் பாதுகாப்புப் பேர் கொடுத்திருக்கு, நம்ம ஊர் புவிசார் குறியீடு மாதிரி. ஆடு மேய்ச்சலுக்குப் போய்ப் பால் கறக்கிற மாசங்கள்லதான் அசலைச் செய்வாங்க, மே முதல் செப்டம்பர் வரை. நாங்க போனது நவம்பர். தட்டுல சூடா கிரில் பண்ணி, மேலே கிரான்பெர்ரி ஜாம் வச்சுக் கொடுத்தது பெரும்பாலும் மாட்டுப் பால் தம்பியாத்தான் இருந்திருக்கும். நல்லாத்தான் இருந்தது, ரெண்டு வாங்கினேன். ஆனா "பாரம்பரியம்"னு அஞ்சு தடவை சொன்னவங்க இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

மர வீட்டுக் கிராமத்தோட பேரை நான் சோச்சோலோவ்னு படிச்சு பஸ்ல எல்லாரையும் சிரிக்க வச்சேன். உச்சரிப்பு ஹொஹோவுஃப் மாதிரி வரும். தடித்தடியான மரங்களை அடுக்கிக் கட்டின வீடுகள். வசந்த காலத்துல வெளிச்சுவரையே தேய்ச்சுக் கழுவுவாங்களாம், அதனாலதான் மரம் கறுக்காம வெளுப்பா இருக்கு. பதினஞ்சு நிமிஷம் கொடுத்தாங்க. மறுபடி ஆள் எண்ணினாங்க.

ஆக, மலை பார்க்கணும்னு போனா இந்த டூர் ஏமாத்தம்தான். அக்கா சொன்னது சரி. பிறகு எதுக்கு நான் இதை சிபாரிசு பண்றேன்? அந்த வெந்நீருக்காக.

அதுல நான் இறங்கவே மாட்டேன்னுதான் போனேன். இதைச் சொல்லாம விட்டா கட்டுரை பொய்யாகிடும். நமக்கு, அதுலயும் பொண்ணுங்களுக்கு, நாலு பேர் நடுவுல குளிக்கிறதுன்னா குற்றாலம்தான். பெண்கள் பக்கம் தனி, சுடிதாரோடவே நின்னு நனைஞ்சுட்டு வருவோம். நீச்சல் தெரியாது. நீச்சலுடை வாங்கினதே இல்ல. என்கூட வந்த மதுரைப் பொண்ணும் நானும், "நீ இறங்கு, நான் பேக் பார்த்துக்கறேன்"னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டே டிக்கெட் வாங்கியிருந்தோம். ரெண்டு பேரும் பேக் பார்க்கிறதுக்கு ஐயாயிரமா?

அங்கே காட்டன் டி-ஷர்ட், லெகிங்ஸோட தண்ணியில இறங்க விடமாட்டாங்க. நீச்சல் துணியாத்தான் இருக்கணும். ஆனா முட்டி வரைக்கும் வர்ற, கை வச்ச நீச்சலுடை விளையாட்டுச் சாமான் கடையிலயே கிடைக்குது. டூருக்கு முந்தின நாள் சாயங்காலம் அதை வாங்கினேன். ட்ரையல் ரூம்ல கண்ணாடியைப் பார்த்துட்டு அம்மாவுக்கு போன் பண்ணினேன். அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "தண்ணி எவ்ளோ ஆழம்?" நான் பயந்த கேள்வி அது இல்ல.

உள்ளே போனா கையில ஒரு ரப்பர் பட்டை கட்டுவாங்க. லாக்கரும் அதுதான், பில்லும் அதுதான். நேரம் தாண்டினா நிமிஷக் கணக்குல காசு ஏறும். குளத்துல இறங்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் குளிக்கணும். சானா பகுதி தனியா இருக்கும், நிறைய இடங்கள்ல அங்கே நீச்சலுடையே கூடாது, டவல் மட்டும்தான். போர்டைப் படிக்காம எந்தக் கதவையும் திறக்காதீங்க. இது அனுபவத்துல சொல்றேன், மேல கேக்காதீங்க.

வெளியில இருக்கிற குளத்துக்குப் போக நாலடி குளிர்ல நடக்கணும். ரெண்டு டிகிரி இருக்கும். தண்ணி 36. கழுத்து வரைக்கும் சூடு, தலைமுடி நுனியில குளிர், நாலரை மணிக்கெல்லாம் இருட்டு, சுத்தி ஆவி. ஆழம் என் நெஞ்சு வரைக்கும்தான். எழுபது வயசுப் பாட்டிகள், தொப்பை அங்கிள்கள், தழும்போட ஒரு அம்மா, கைக்குழந்தை. யாரும் யாரையும் பார்க்கல. பத்து நிமிஷத்துல நானும் என்னைப் பார்க்கிறதை நிறுத்திட்டேன். மதுரைப் பொண்ணு மட்டும் கண்ணாடிக்கு உள்ளே பேக்கோட உட்கார்ந்திருந்தாள், காபி வாங்கிக் குடிச்சுக்கிட்டு. எவ்வளவோ கூப்பிட்டேன். அவ இஷ்டம், குறை சொல்லல. ஆனா பஸ்ல வரும்போது "இறங்கியிருக்கலாம்டி"ன்னு அவளே ரெண்டு தடவை சொன்னாள். அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

இன்னொரு காரணமும் இருக்கு, அது நம்ம டிபார்ட்மெண்ட் காரணம். அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு டூர்ல ஒருத்தர்கூட சொல்லல.

டாட்ரா மேல பெய்யற மழையும் உருகற பனியும் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகள்ல இறங்குது. அந்தப் பாறை அடுக்கு வடக்குப் பக்கமா சாய்ஞ்சு, போட்ஹாலே பள்ளத்தாக்குக்கு அடியில ஆழமா போகுது. மேலே தண்ணி புகாத களிமண் பாறையும் மணற்பாறையும் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கு. உள்ளே போன தண்ணிக்கு வெளியே வர வழி இல்ல, பூமியோட சூட்டுல வேகுது. ஹொஹோவுஃப்ல மூணரை கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டிருக்காங்க, கிடைக்கிற தண்ணி 80 டிகிரி பக்கம். கணக்கு போட்டுப் பார்த்தேன்: மேலே வருஷ சராசரி ஆறு டிகிரின்னு வச்சுக்கிட்டா, கிலோமீட்டருக்கு 21 டிகிரி ஏறுது. நாம பரீட்சையில எழுதற 25 முதல் 30ங்கறதை விடக் கம்மிதான். அங்கே எரிமலை எதுவும் இல்ல. ஆழமும், நல்ல மூடியும்தான் விஷயம்.

அதைவிடப் பெரிய விஷயம் பக்கத்துல பான்ஸ்கா நிஷ்னா கிராமத்துல இருக்கு. 1979 முதல் 1981 வரை அங்கே 5,261 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டினாங்க. 86 டிகிரித் தண்ணி, பாறைக்குள்ள இருக்கிற அழுத்தத்துல தானாவே மேலே வருது. அந்தத் தண்ணி பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியா போய், தன் சூட்டை இன்னொரு குழாய்த் தண்ணிக்குக் கொடுத்துட்டு, வேற கிணறு வழியா திரும்ப உள்ளே இறங்கிடுது. சூடான அந்த ரெண்டாவது தண்ணி பத்து கிலோமீட்டருக்கு மேல ஓடி, ஸாக்கோபானே ஊருக்குள்ள ஹோட்டல், ஸ்கூல், வீட்டு ரேடியேட்டர்கள்ல சுத்துது. ஹீட் டிரான்ஸ்ஃபர் லேப்ல ரெண்டு மார்க்குக்காக நாம திட்டிக்கிட்டே ரீடிங் எடுத்தோமே, அதே சாமான்.

இது ஏன் முக்கியம்னா, அந்த ஊர் ஒரு கிண்ணத்துக்குள்ள இருக்கு. குளிர்காலத்துல வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிச்சா புகை எங்கேயும் போகாது. கிராக்கூவும் அப்படித்தான், 2019 செப்டம்பர் 1 முதல் அங்கே வீட்டு அடுப்புல நிலக்கரியும் விறகும் எரிக்கத் தடை. ஸாக்கோபானேல எல்லா வீட்டுக்கும் இந்தச் சூட்டுக் குழாய் போய்ச் சேரல. கடைத்தெருவுல நடந்தப்பவே எனக்குத் தொண்டை கரகரத்தது, நிலக்கரிப் புகை வாசனை. ஒரு பக்கம் காலுக்குக் கீழே 86 டிகிரித் தண்ணி, இன்னொரு பக்கம் கூரை மேல கறுப்புப் புகை. "சுத்தமான மலைக் காற்று"ன்னு டூர் விளம்பரத்துல போட்டிருந்தது.

திரும்பி வரும்போது கைடுகிட்ட இதைக் கேட்டேன். அவருக்குக் கிணறு தெரியும், ஆழம் தெரியும், எந்தத் தெருவுக்குக் குழாய் போயிருக்குன்னுகூடத் தெரியும், அந்த ஊர்க்காரர்தான். "பிறகு ஏன் சொல்லல?"ன்னு கேட்டேன். "யாரும் கேட்டதில்ல. எல்லாரும் டாய்லெட் எங்கேன்னுதான் கேப்பாங்க" என்றார். மைக் இல்லாம, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே அரை மணி நேரம் பேசினார். கொடுத்த காசுக்கு அந்த அரை மணி நேரம்தான் உண்மையான கைடட் டூர். தனியா பஸ் ஏறிப் போயிருந்தா அது கிடைச்சிருக்காது, அதையும் சொல்லணும்.

அதனால என் கருத்து இதுதான். மலை வேணும்னா டூர் வேணாம், வெயில் காலத்துல நல்ல ஷூவோட, அக்கா மாதிரி ஒருத்தரோட போங்க. டாட்ரா விளையாட்டு இல்ல. 2019 ஆகஸ்ட்ல அந்த கியெவொன்ட் மேலயே மின்னல் தாக்கி நாலு பேர் செத்திருக்காங்க. கைடும் இல்லாம, சீசனும் தெரியாம, கான்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு ஏறுறது வீரம் இல்ல. குளிர்காலத்துல, ஒரே ஒரு நாள்தான் இருக்கு, பனியில நடந்து பழக்கமில்லன்னா டூர்ல போங்க. குளத்துல மூணு மணி நேரமாவது கொடுக்கிற டூரா பாருங்க. ஒன்றரை மணி நேரம்னு போட்டிருந்தா உடை மாத்தவே பாதி போயிடும். பஸ்ல முன் சீட்டுல உட்காருங்க, கேள்வி கேளுங்க.

அடுத்த செமஸ்டர் கிராக்கூவ் போறவங்க யாராவது இருந்தா மெசேஜ் பண்ணுங்க. ரப்பர் செருப்பும் பெரிய டவலும் என்கிட்ட இருக்கு, தர்றேன். நீச்சலுடை மட்டும் நீங்களே வாங்கிக்கோங்க, அது எனக்கு வேணும். ஊருக்கு வந்ததும் நீச்சல் கிளாஸ்ல சேர்ந்திருக்கேன்.