மே மாதத்தின் ஒரு வாரம் எந்தக் கணக்கில் சேரும்?

எங்கள் வீட்டைப் பற்றிச் சபையார் பேசும்போதெல்லாம் "நெருக்கமான குடும்பம்" என்பார்கள். சென்ற வாரம் நடந்த திருமண வரவேற்பில் போதகரும் அதையே சொல்லி வாழ்த்தினார். கோலார் தங்கவயலில் அந்த வாரத்தைக் கழித்துவிட்டு ஐதராபாத் விடுதிக்குத் திரும்பியிருக்கிறேன். அந்த நெருக்கம் இயல்பாக வாய்த்த ஒன்று என்று இதுவரை எண்ணியிருந்தேன். அது சிலர் நாள்தோறும் செய்யும் உழைப்பின் விளைவு என்று இப்போது சொல்வேன். அவ்வுழைப்பை நம் சமூக அறிவியல் எப்பெயரால் பதிகிறது என்ற கேள்வியைத்தான் இங்கே எழுப்ப விரும்புகிறேன்.

ஊரை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கத் தொழிலைப் பெருமளவில் தொடங்கியபோது வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுத் தலித் மக்கள். கர்நாடகத்தில் இருந்தும் இன்றுவரை தமிழ் பேசும் ஊர் இது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஊரின் பிழைப்பு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ரயிலில் ஏறிவிட்டது. என் அண்ணன் விடியுமுன் ரயிலேறி இரவு ஒன்பதுக்குப் பிறகு வீடு திரும்புகிறார். ஆயத்த ஆடை ஆலையில் பணிபுரியும் அண்ணியும் அதே ரயிலில்தான் செல்கிறார். சுரங்கத்தில் வேலையிழந்த அப்பா வீட்டில் இருக்கிறார். தங்கை முதுகலை முடித்துவிட்டு ஜூனில் வரும் தேசியத் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அவ்வாரத்தின் நிகழ்ச்சி நிரல் இது. ஞாயிறு ஆராதனையில் பெரியம்மா மகளின் திருமணத்துக்கு மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. திங்கள் முதல் சனி வரை விடுமுறை வேதாகமப் பள்ளி, காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை. புதன் மாலை நலங்கு, வியாழன் ஆலயத்தில் திருமணம், சனி மாலை தாத்தாவின் நினைவு ஜெபக்கூட்டம். மறுநாள் பிள்ளைகளின் நிறைவு விழா. இவற்றுக்கு நடுவே, எப்போது வரும் என்று சொல்ல முடியாத குழாய்த் தண்ணீர். கோடைக் காற்று சயனைடு மேட்டிலிருந்து அள்ளிவரும் வெண்புழுதியை வீட்டிலிருந்து துடைத்தெடுக்கும் வேலையும் உண்டு. அது எந்த நிரலிலும் இடம்பெறுவதில்லை.

நான் ஆய்வு செய்வது வீட்டு நேரப் பயன்பாடு குறித்து. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதற்குமான முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியது நண்பர்கள் பலரும் அறிந்ததே. அதிகாலை நான்கு மணி முதல் மறுநாள் நான்கு மணி வரையிலான நேரத்தை அரைமணித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்பது அதன் முறை. ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள் என்றும், ஈடுபடும் ஆண் 97 நிமிடம் செலவிடுகிறான் என்றும் அவ்வாய்வு கண்டது. 2024-இல் அவை முறையே 289, 88 என ஆயின. இவ்வெண்களை எத்தனையோ கருத்தரங்குகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெண்களிடம் அந்த அட்டவணையை நிரப்பிப் பார்த்தது இதுவே முதன்முறை. செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

அம்மா நான்கு மணிக்கு எழுந்தார். முந்தைய இரவு ஊறப்போட்ட நான்கு கிலோ கொண்டைக்கடலையை அடுப்பேற்றினார். அது வேதாகமப் பள்ளிக்கு வரும் தொண்ணூறு பிள்ளைகளுக்கு இடைவேளைச் சுண்டல். அது வேகும்போதே அண்ணனுக்கும் அண்ணிக்கும் மதிய உணவு கட்டினார். எட்டரைக்கு ஆலயம், ஒன்றரைக்கு வீடு. பிற்பகல் முழுதும் பெரியம்மா வீட்டில் சீர்வரிசைத் தட்டுகள், உறவினர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள், பத்து ஆண்டுகளாக எங்களோடு பேசாத ஒரு மாமாவைத் திருமணத்துக்கு வரவழைக்கும் சமாதானத் தூது. (மாமா வந்தார். அதற்கான பாராட்டு முழுவதும் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கதை.) இரவு குடும்ப ஜெபம், மறுநாளுக்கான கடலை. படுக்கும்போது மணி பதினொன்று.

விழித்திருந்த பத்தொன்பது மணி நேரம் 38 துண்டுகள். அவற்றில் 11 எங்கள் வீட்டுவேலை, 6 அவருடைய உணவு, குளியல், ஜெபம். இவற்றை வகைப்படுத்துவதில் சிக்கலில்லை. எஞ்சிய 21 துண்டுகளில்தான் என் பேனா நின்றது. ஐக்கிய நாடுகள் அவையின் வகைப்பாட்டில் மூன்றாம் பிரிவு குடும்பத்தினருக்கான ஊதியமற்ற வீட்டுவேலை. ஐந்தாம் பிரிவு ஊதியமற்ற தன்னார்வப் பணியை உள்ளடக்கியது. ஏழாம் பிரிவில் பழகுதல், சமூகப் பங்கேற்பு, சமயப் பழக்கம் ஆகியவை ஒன்றாக அடங்கும். தொண்ணூறு பிள்ளைகளுக்கான சுண்டல் எதில் சேரும்? சொந்த அடுப்பில் வெந்ததால் வீட்டுவேலையா, சபைக்கானதால் தன்னார்வப் பணியா, அம்மாவைக் கேட்டால் அவர் சொல்வதுபோல் ஊழியமா? மாமாவுக்கான தூது வெறும் "பழகுதல்" தானா? கணக்கெடுப்பவர் களைத்திருந்தால் இவையனைத்தும் ஏழாம் பிரிவுக்குள் விழுந்துவிடும். அப்பிரிவை ஓய்வுக்கு அருகில் வைத்து வாசிப்பதே நம்மில் பலரின் பழக்கம்.

இவ்வுழைப்புக்குப் பெயரே இல்லை என்று சொல்ல முடியாது. வட கலிபோர்னியாவின் இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த மிக்கேலா டி லியோனார்டோ, 1987-இல் 'சைன்ஸ்' ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் இதை உறவுப்பணி என்று வரையறுத்தார். வீடுகளுக்கிடையே கடிதம், அழைப்பு, பண்டிகை விருந்து ஆகியவற்றால் உறவைக் காத்துவரும் உழைப்பு அது. கணவன் வழி உறவையும் பெண்ணே காத்தாள் என்பதையும் அவர் காட்டினார். இந்தியக் கிறித்தவம் பற்றிய நம் ஆய்வுகளிலோ மதமாற்றம், மிஷன், சாதி, நிறுவனம் என்பவற்றுக்கு நூலக அடுக்குகள் நிரம்பியுள்ளன. எலைசா கென்ட்டின் 'கன்வர்ட்டிங் விமன்' (2004) போன்ற நூல், கிறித்தவ இல்லமும் பெண்ணின் நடத்தையும் ஒரு சமூகத்தின் மதிப்புக்குரிய அடையாளங்களாக ஆன வரலாற்றைச் சொல்கிறது. அந்த மதிப்பை இன்றைய மே மாதத்தில் யாருடைய முழங்கால் தாங்குகிறது என்று கேட்கும் ஆய்வுகளை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். நாம் கிறித்தவரை மதம் மாறும் கணத்தில் சந்திக்கிறோம். நான்கு தலைமுறைக்குப் பிறகு அவர் சமையலறையில் நிற்கும்போது ஆய்வாளர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்.

என் அட்டவணையைக் கண்டு அம்மா வருந்தினார் என்பதை மறைக்கக் கூடாது. "கர்த்தருக்குச் செய்ததை நீ மணிக்கணக்கு பார்க்கிறாயா?" என்று கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. லைன் வீட்டில் பிறந்து எட்டாம் வகுப்போடு நின்ற அவர், கூட்டத்தின் முன் நின்று பேசவும், கணக்கு எழுதவும், கூட்டக் குறிப்பு வாசிக்கவும் கற்றது மாதர் சங்கத்தில்தான். எங்கள் சபையின் வேதாகமப் பள்ளிக்கு வேற்றுமதப் பிள்ளைகளும் வருகிறார்கள். தெருவில் அவர்கள் அம்மாவை "டீச்சரம்மா" என்று அழைக்கும்போது அவர் முகத்தில் தோன்றும் பெருமையைச் சுரண்டல் என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க முயலும் ஆய்வை நானே ஏற்கமாட்டேன்.

ஆயினும் அந்த மகிழ்ச்சிக்கான விலையை எல்லோரும் ஒரே அளவில் தருவதில்லை. அண்ணி மூன்று நாள் ஊதியமில்லா விடுப்பு எடுத்தார். அண்ணன் திருமண நாளுக்கு மட்டும் எடுத்தார். அவரை விடுப்பெடுக்கச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தங்கை ஆறு நாளும் சிறுபிள்ளைகள் வகுப்பை எடுத்தாள், மாலையில் திருமண வேலை பார்த்தாள். அவளுடைய செவ்வாய்க்கிழமை அட்டவணையில் 'கற்றல்' என்ற ஆறாம் பிரிவு வெறுமையாக இருக்கிறது. அதே நாள், அதே வீட்டில், என்னுடையதில் பத்துத் துண்டுகள். முன்னறையில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, ஊதியமற்ற உழைப்பு குறித்த என் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். தேநீர் இரண்டு முறை வந்தது. தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே உள்ள ஒருத்தி அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆய்வுத்துறை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். கள ஆய்வுக்கான வாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது திருவிழாவும் விடுமுறையும் இல்லாத "சாதாரண" வாரத்தைத் தேடுகிறோம். அத்தகைய வாரத்தில் இவ்வுழைப்பின் பெரும்பகுதி தென்படாது. மே மாதத்திலும் டிசம்பரிலும் சென்று பாருங்கள். சபைகளுக்கும் ஒன்று சொல்லலாம். எங்கள் சபையின் ஆண்டறிக்கையில் மின்விசிறி அளித்தவரின் பெயர் முதல் நூறு ரூபாய்க் காணிக்கை வரை அச்சாகிறது. ஆறு நாள் சமைத்தவர்கள் "சகோதரிகள் உதவினர்" என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறார்கள். அங்கே பெயர்களையும் மணி நேரத்தையும் எழுதுவதற்கு இறையியல் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புறப்படும் முன்பு, அடுத்த ஆண்டு சுண்டல் பொறுப்பை நான் ஏற்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "நான்கு கிலோவுக்கு எவ்வளவு உப்பு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்த தங்கை திரும்பிப் பார்க்காமலேயே அளவைச் சொன்னாள்.