விஷத்துக்கு உரிமம் ஓரிடத்தில், வீட்டுக்குப் பொறுப்பு யாரிடம்?

2024 நவம்பர் 13. சென்னையை அடுத்த குன்றத்தூர் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் எலித் தொல்லை. காசு கொடுத்து ஆள் வரவழைத்து மருந்து வைத்தார்கள். அன்றிரவு ஏசியைப் போட்டுக்கொண்டு நான்கு பேரும் தூங்கினார்கள். மறுநாள் ஆறு வயதுப் பெண்ணும் ஒரு வயதுப் பையனும் உயிரோடு இல்லை. பெற்றோர் மருத்துவமனையில். அன்று குழந்தைகள் தினம்.

கைது நடந்தது, ஒரு வாரம் செய்தி ஓடியது, பிறகு ஊர் மறந்துவிட்டது. மறக்கக் கூடாத ஊர்களில் ஒன்று மதுரையை அடுத்த எங்கள் திருமங்கலம்.

கன்னியாகுமரிக்கும் கொல்லத்துக்கும் போகும் சாலைகள் பிரியும் இடம் இது. 2011 கணக்கெடுப்பின்படி ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது. பருத்தியும் சோளமும் பயறும் வந்து இறங்கும் கடைகள் இருக்கின்றன. பக்கத்துக் கப்பலூரில் சிட்கோ தொழிற்பேட்டை, அங்கே வேலை செய்கிறவர்கள் நெருக்கியடித்துத் தங்கும் அறைகள். லாட்ஜுகள், கல்யாண மண்டபங்கள். கடைவீதியில் கீழே குடோன், மேலே குடித்தனம். தானியம் இருந்தால் வண்டு வரும், எலி வரும். பலர் வந்து தங்கிப்போகும் கட்டிலில் மூட்டைப்பூச்சி வரும். மூன்றுக்கும் நாம் வைத்திருக்கும் பதில் ஒன்றே: 'மருந்து அடி'.

எந்த மருந்து என்பதில்தான் உயிர் இருக்கிறது. தானிய மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டதுமே பாஸ்பீன் வாயுவை விடத் தொடங்கும். மூன்று கிராம் மாத்திரையிலிருந்து ஒரு கிராம் வாயு வரும். தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடிய மூட்டை அடுக்குக்குள் நாள்கணக்கில் நின்று வண்டைக் கொல்வதற்காக வந்த சரக்கு இது. மனிதர் படுக்கும் அறைக்கானது அல்ல. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி அனுமதிக்கும் அளவு, பத்து லட்சம் பங்கு காற்றில் 0.3 பங்கு. 50 பங்கைத் தொட்டால் உடனடி உயிராபத்து. பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வரும் என்பார்கள். சுத்தமான பாஸ்பீனுக்கு வாடையே கிடையாது. மூக்கை நம்பி அறைக்குள் போக முடியாது. சுவர் வெடிப்பிலும் குழாய் ஓட்டையிலும் புகுந்து அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மருந்து வைத்தவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். மூச்சு திணறுவது மேல்மாடிக்காரருக்கு.

இதற்கு முறிவு மருந்தும் இல்லை. வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் என்று தொடங்குவதால் சாப்பாட்டில் ஏதோ கோளாறு என்றே நினைக்கத் தோன்றும். 2025 நவம்பரில் இஸ்தான்புல் விடுதி ஒன்றில் தங்கிய தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் இறந்தபோது முதலில் சந்தேகம் விழுந்தது தெருக்கடைச் சாப்பாட்டின் மேல். மூட்டைப்பூச்சிக்கு வைத்த மருந்து பிறகுதான் தெரிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் கொழும்பில், மூட்டைப்பூச்சிக்குப் புகைமூட்டம் போட்ட விடுதியில் தங்கியிருந்த இரண்டு வெளிநாட்டு இளம்பெண்கள் இறந்தார்கள். நம் ஊர் லாட்ஜில் ஒரு கூலித் தொழிலாளி விடியற்காலை வாந்தியெடுத்து இறந்தால், பக்கத்து அறையில் முதல்நாள் என்ன வைத்தார்கள் என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1958-இல் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பூச்சிமருந்து கலந்த மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதையொட்டி அமைந்த விசாரணை ஆணையத்தின் வழியாகத்தான் 1968-இன் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது. அதன் விதிப்படி பூச்சி ஒழிப்புத் தொழில் செய்யத் தனி உரிமம் வேண்டும். வேளாண்மையிலோ வேதியியலோடு கூடிய அறிவியலிலோ பட்டமும், மைசூர் உணவு ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் பெற்ற பயிற்சியும் வேண்டும். அலுமினியம் பாஸ்பைடைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. நல்ல விதிகள்.

ஆனால் உரிமம் தருவதும் சோதிப்பதும் வேளாண் துறை. அந்த அதிகாரியின் பொழுது உரக்கடையிலும் பூச்சிமருந்துக் கடையிலும் போய்விடுகிறது. லாட்ஜின் முதல் மாடிக்கு ஏற அவருக்கு வேலையில்லை. லாட்ஜுக்கும் மண்டபத்துக்கும் குடோனுக்கும் தொழில் உரிமம் தருவது நகராட்சி. அதன் சுகாதார ஆய்வாளர் குப்பையைப் பார்க்கிறார், கொசுப்புழுவைப் பார்க்கிறார். மாத்திரையைப் பார்க்கச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை. விஷத்தின் கணக்கு ஓர் அலுவலகத்தில், கட்டடத்தின் கணக்கு வேறோர் அலுவலகத்தில். குன்றத்தூர்ப் பிள்ளைகள் இந்த இடைவெளியில் விழுந்தவர்கள் என்பதே என் முடிவு. மருந்து வைத்த கை மட்டும் குற்றவாளி அல்ல.

'அது எங்கள் வேலை இல்லை' என்று நகராட்சி சொல்ல முடியாது. அரசமைப்பின் 12-ஆம் அட்டவணையில் பொது சுகாதாரம் நகராட்சிக்கு உரிய பணியாகவே எழுதப்பட்டிருக்கிறது. 'காசு இல்லை' என்று சொன்னால் அதில் உண்மை உண்டு. கொசுவுக்குப் புகை அடிக்க இயந்திரமும் ஆளும் ஆண்டுதோறும் பணமும் உண்டு. மூட்டைப்பூச்சி மருந்தைக் கண்காணிக்க ஒரு கணக்குத் தலைப்புக்கூடக் கிடையாது. 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு ஒதுக்கிய தொகை 70,051 கோடி ரூபாய். அது நலவாழ்வு மையத்துக்கும் கட்டடத்துக்கும் பரிசோதனைக் கருவிக்கும் என்று முன்பே பிரிக்கப்பட்ட பணம். ஊரின் ஆபத்து ஊருக்குத்தான் தெரியும். செலவுத் தலைப்பு மட்டும் தில்லியில் முடிவாகிறது.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை என்பதுதான் வேதனை. பாஸ்பீன் அளக்கும் கையடக்கக் கருவிகள் இரண்டு, சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில நாள் பயிற்சி, ஒரு பதிவேடு. கட்டடத்துக்குள் புகைமூட்டம் போடுகிறவர் முதல்நாளே நகராட்சிக்குச் சொல்லி, வேலைக்கு 200 ரூபாய் கட்டட்டும். அந்தப் பணம் வேறு செலவுக்குப் போகாமல் தனிக் கணக்கில் கிடக்கட்டும். உரிம எண், மருந்தின் பெயர், உள்ளே போகலாம் என்கிற நாள், மூன்றும் கதவில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டப்படட்டும். காற்றை அளந்த பிறகே அறையை வாடகைக்கு விட வேண்டும் என்பது லாட்ஜ் உரிமத்தின் நிபந்தனை ஆகட்டும். கொசுப்புழு பார்க்க வீடுவீடாகப் போகும் பணியாளர்கள் இதையும் கேட்டுவரலாம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலியும் முகமூடியும் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். கையில் ஒன்றும் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

மாநில அரசு செய்யவேண்டியது ஒன்று உண்டு. பூச்சிமருந்தால் யார் பாதிக்கப்பட்டாலும் குறிப்பிட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட, 1968 சட்டத்தின் 26-ஆவது பிரிவு மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தத் தகவல் நகராட்சி சுகாதாரப் பிரிவின் மேசைக்கும் வர வேண்டும். திருமங்கலம் அரசு மருத்துவமனையோ மதுரை ராஜாஜி மருத்துவமனையோ சந்தேகப்பட்ட அன்றே, அந்தக் கட்டடத்தில் மீதமுள்ளவர்களை வெளியேற்ற ஆள் கிளம்ப வேண்டும்.

நகர்மன்றம் அடுத்த கூட்டத்திலேயே இதற்கு ஒரு தீர்மானம் போடலாம். சென்னையின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லாத பகுதிகளை அன்றே தொடங்கலாம். அதுவரை உங்கள் வீட்டுக்கு மருந்து வைக்க யார் வந்தாலும் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.