நகையும் அழுகையும்: மதர் 3 குறித்து ஒரு வழக்கு

இலக்கியம் பேசும் இடத்தில் வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்களோடும், இந்த விளையாட்டைக் குறையற்ற காவியம் என்று கொண்டாடுபவர்களோடும் எனக்கு ஒருசேர வழக்கு உண்டு. முன்னவர்கள் வாசிக்காமலே விலக்குகிறார்கள். பின்னவர்கள் வாசிக்காமலே வணங்குகிறார்கள்.

மதர் 3, 2006 ஏப்ரலில் நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. எழுதியவர் ஷிகெசாதோ இதோய். விளம்பர வாசகங்களால் புகழ்பெற்றவர். முதல் பாகம் 1989இலும் இரண்டாம் பாகம் 1994இலும் வந்தன. நிண்டெண்டோ 64 கருவிக்கெனத் தொடங்கிய மூன்றாம் பாகம் 2000இல் கைவிடப்பட்டுப் பின்னர் மறுபிறவி எடுத்தது.

மெய்ப்பாடுகளை எண்ணும் தொல்காப்பியர் நகையையும் அழுகையையும் அடுத்தடுத்து வைக்கிறார். இதோயின் ஆற்றல் அந்த அண்மையில்தான் உள்ளது. தொடக்கத்தில் குடும்பத்தினருக்குப் பெயர் சூட்டும்படி விளையாட்டு நம்மையே கேட்கிறது. நாம் பெயரிட்ட தாய் முதல் அத்தியாயத்திலேயே இறக்கிறாள். கணவன் ஃபிளின்டிடம் அதைச் சொல்ல வரும் நண்பன், நல்ல செய்தி ஒன்றும் கெட்ட செய்தி ஒன்றும் இருப்பதாகத் தொடங்குகிறான். கொடிய விலங்கின் பல் கிடைத்திருக்கிறது, நல்ல ஆயுதமாகும் என்பது நல்ல செய்தி. அது அவள் நெஞ்சில் பாய்ந்திருந்தது என்பது மற்றது. துணுக்குக்குரிய வடிவத்தில் இழவுச் செய்தி! கயிறாக உதவுவதில் பெருமைகொள்ளும் பாம்பு முதலான கோமாளித்தனங்களை வெறும் விசித்திரம் என்று ஒதுக்குவோர் இந்தக் காட்சிக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

இன்னொரு சிறப்பு, கருத்தைக் கைகளுக்கு உணர்த்துவது. தாஸ்மிலி என்னும் அந்தக் கிராமத்தில் முதலில் பணமே இல்லை. கடையில் பொருள்களை இலவசமாகத் தருகிறார்கள். மூன்றாண்டுகள் கழிந்து, நான்காம் அத்தியாயத்தில் அதே ஊரில் எதற்கும் விலை உண்டு. வீட்டுக்கு வீடு 'மகிழ்ச்சிப் பெட்டி' ஒளிர்கிறது. அதை ஏற்காதவர் வீட்டில் இடி விழுகிறது. யாரும் பிரசங்கம் செய்வதில்லை. காசை எண்ணிக் கொடுக்கும்போது இழந்தது என்னவென்று நமக்கே தெரிகிறது.

இத்தனை அறிந்த எழுத்தாளர் பின்பகுதியில் தன் மீதே நம்பிக்கை இழப்பதுதான் என் குற்றச்சாட்டு. முதல் மூன்று அத்தியாயங்களைத் தகப்பன், திருடன், வதைபடும் குரங்கு என மூன்று பார்வைகளில் நகர்த்தியவர், நான்காவதிலிருந்து மகன் லூகாஸ் ஒருவனிடமே கதையை ஒப்படைக்கிறார். ஏழு ஊசிகளைத் தேடி அலையும் ஏழாம் அத்தியாயம் சலிப்பூட்டும் சுற்றுப்பயணம். ஊசிகளின் காவலர்கள் ஆண், பெண் என்ற எல்லையைக் கடந்தவர்கள். ஆனால் தாடி முளைத்த முகத்தில் உதட்டுச்சாயம் என்ற மலிவான கேலிச்சித்திரமாகவே அவர்களைத் தீட்டியிருக்கிறார். வில்லன் போர்க்கியின் முழு அவலமும் இரண்டாம் பாகத்தை அறிந்தவர்க்கே எட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை லெடர். கிராமத்தில் வாய் திறவாமல் நின்ற மணியடிப்பவன் அவன். எட்டாம் அத்தியாயத்தில் அவன் பேசத் தொடங்கி, அழிந்த பழைய உலகம், கப்பலில் தப்பியோர், அழிக்கப்பட்ட நினைவுகள் என்று அனைத்தையும் ஒரே மூச்சில் விளக்கிவிடுகிறான். அந்த மௌனத்தில் இருந்த கவிதை உரைநூலாகிவிடுகிறது. ஆயினும் இறுதிப் போரில் இதோய் மீள்கிறார். தாக்கும்படி நாம் ஆணையிட்டாலும் லூகாஸால் எதிரியைத் தாக்க முடிவதில்லை. அந்த மறுப்பு லெடரின் உரை முழுவதையும் விடக் கனமானது.

இவ்விளையாட்டை நிண்டெண்டோ ஆங்கிலத்தில் வெளியிடாத நிலையில், கிளைட் மண்டலின் தலைமையில் ரசிகர்கள் தாமே மொழிபெயர்த்து 2008இல் இலவசமாக வழங்கினார்கள். 2024இல் ஸ்விட்ச் ஆன்லைன் சேவையில் சேர்ந்தபோதும் அது ஜப்பானியர்க்கு மட்டுமே. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதன் நிறையும் குறையும் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். சுளிப்பவர்களும் வணங்குபவர்களும் முதலில் அவர்களைப்போல் வாசிக்கட்டும், பிறகு வழக்காடலாம்.