அக்கம்பக்கத்துச் சொற்கள்



ஒரு தாளில் 'ஆறு' என்று மட்டும் எழுதி நீட்டினால் வாங்கிப் பார்ப்பவர் என்ன புரிந்துகொள்வார்? நதியா, எண்ணா, சூடு தணியட்டும் என்கிறோமா? 'ஆறு மணிக்கு' என்று இருந்தால் சந்தேகமே இல்லை. 'ஆறு வற்றிவிட்டது' என்றாலும் இல்லை. இங்கே ஒரு குழப்பத்துக்கு இடமிருந்தது என்பதே தெரியாமல் நம் கண் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. கணினிக்கு இந்த ஒரு நொடி வேலையைக் கற்றுக்கொடுக்க ஏறத்தாழ 70 ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையில் தமிழர்கள் பெருமைப்பட ஓர் இடமும் கவலைப்பட ஓர் இடமும் இருப்பதால் இந்த இதழில் அதைச் சொல்கிறேன்.

1949 ஜூலையில், அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையில் இருந்த வாரன் வீவர் என்ற கணித அறிஞர், மொழிபெயர்ப்பைக் கணினியிடம் விடலாமே என்று ஒரு குறிப்பு எழுதி அறிஞர்கள் பலருக்கு அனுப்பினார். அதில் ஒரு யோசனை. ஓட்டை போட்ட அட்டையைப் புத்தகத்தின் மேல் வைத்து ஒரே ஒரு சொல் தெரியும்படி பார்த்தால் பொருள் பிடிபடாது. ஓட்டையை இருபுறமும் சிறிது சிறிதாக அகலப்படுத்தினால் ஏதோ ஓர் அளவில் தெளிந்துவிடும். எத்தனை சொல் தெரிந்தால் போதும்? அடுத்த ஆண்டே ஆபிரகாம் கப்லான் என்ற அறிஞர் ஆட்களை வைத்துச் சோதித்தார். முன்னால் இரண்டு சொல், பின்னால் இரண்டு சொல் தெரிந்தால், முழு வாக்கியத்தையும் பார்த்ததற்கு ஏறக்குறைய சமம் என்று கண்டார்.

நாம் பெருமைப்படும் இடம் இங்கேதான் வருகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை எப்படித் தெரிந்துகொள்வது என்று பேசும் நூற்பாக்கள் இருக்கின்றன. அவை காட்டும் வழிகள் மூன்று: வினை, இனம், சார்பு. உரைகாரர்கள் இதற்கு 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். பூத்தது என்ற வினை வந்தால் அது மாமரம். மருத மரத்தோடு சேர்த்துச் சொன்னாலும் மரம்தான். கூட நிற்கும் இனம் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் கவசம் அணிந்து நிற்கும் வீரன் மா கொண்டுவரச் சொன்னால் அது குதிரை. அவன் பேச்சில் குதிரையைச் சுட்டும் வேறு சொல் எதுவுமில்லை, அவன் நிற்கும் கோலமே பொருளைச் சொல்லிவிடுகிறது. இதுதான் சார்பு. இன்றைய கணினி மொழியியல் முழுவதையும் இந்த மூன்று தலைப்புகளில் அடக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பல பொருள் ஒருசொல் என்ற இந்தச் சிக்கலை மட்டும் நிச்சயமாக அடக்கலாம்.

வினையும் இனமும் கணினிக்கு ஓரளவு சீக்கிரமே வசப்பட்டன. 1986இல் மைக்கேல் லெஸ்க் என்ற ஆய்வாளர் ஓர் எளிய வழி கண்டார். குழப்பும் சொல்லுக்கு அகராதியில் உள்ள விளக்கங்களையும் பக்கத்துச் சொல்லின் விளக்கங்களையும் எடுத்து, எவற்றுக்குள் பொதுச் சொற்கள் அதிகம் என்று எண்ணிப் பார்ப்பது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் உருவாக்கத் தொடங்கிய வேர்ட்நெட், ஆங்கிலச் சொற்களை இனம் இனமாகத் தொடுத்துவைத்தது. பின்னாளில் நம் நாட்டில் அதைப் பின்பற்றி எழுந்த இந்தோவேர்ட்நெட்டில் தமிழும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது டேவிட் யரோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 1995இல் காட்டிய வழி. ஆங்கிலத்தில் செடிக்கும் தொழிற்சாலைக்கும் 'பிளான்ட்' என்ற ஒரே சொல்தான். அவர் கணினிக்குக் கொடுத்தது இரண்டு விதைகள் மட்டும்: 'உயிர்' என்ற பொருள் தரும் சொல் அருகில் வந்தால் செடி, 'உற்பத்தி' வந்தால் ஆலை. அந்த விதைகள் பிடித்துத் தந்த வாக்கியங்களில் வேறு என்னென்ன சொற்கள் அடிக்கடி கூட வருகின்றன என்று கணினியே பார்க்கிறது. அவற்றை வைத்துக்கொண்டு மேலும் வாக்கியங்களைப் பிடிக்கிறது. அவர் சோதித்த சொற்களில் 100க்கு 95க்கு மேல் சரியாக வந்தது. நம் 'படி'யை இதே போல நட்டுப் பாருங்கள். 'ஏறு' ஒரு விதை, 'அரிசி' ஒரு விதை. முதல் விதையிலிருந்து மாடி, வாசல், வழுக்கியது எல்லாம் வரும். இரண்டாவதிலிருந்து நெல், உழக்கு, அளந்து போட்டாள் வரும்.

தமிழில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சொல்லின் வடிவமே பல இடங்களில் பொருளைச் சொல்லிவிடும். 'ஆறில் ஒரு பங்கு' என்றால் எண், 'ஆற்றில் ஒரு படகு' என்றால் நதி. 'படித்தான்' புத்தகத்தோடு போகும், 'படிந்தது' தூசியோடு போகும். இதையே தொல்லை என்று சொல்லும் பொறியாளர்களும் உண்டு. ஒரே சொல் இத்தனை வடிவம் எடுத்தால், போதிய வாக்கியங்கள் இல்லாத இடத்தில் ஒவ்வொரு வடிவமும் கணினிக்கு அரிய சொல்லாகிவிடுகிறது. இரண்டும் உண்மைதான்.

அடம்பிடித்தது சார்புதான். 1960இல் யெஹோஷுவா பார்ஹில்லெல் என்ற தத்துவ அறிஞர் ஒரு சிறுவனைப் பற்றிய நான்கு குட்டி வாக்கியங்களை முன்வைத்தார். பையன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், அது 'பென்'னுக்குள் இருக்கிறது, அவனுக்கு மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பேனா என்றும் பொருள், குழந்தைகளை விளையாட விடும் சிறு அடைப்பு என்றும் பொருள். பெட்டி பேனாவுக்குள் போகாது என்பது எந்த அகராதியிலும் இல்லை. உலகத்தில் வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். ஆகவே மனிதர் துணையின்றி உயர்தர மொழிபெயர்ப்பு இயந்திரத்தால் ஆகாது என்று முடித்தார். என்ன தேவை என்பதை அவர் சரியாகவே சொன்னார். அது கணினிக்குக் கிட்டவே கிட்டாது என்றதில்தான் தவறினார்.

ஏனென்றால் உலகத்தைப் பற்றி மனிதர்கள் எழுதியதே அவ்வளவு இருந்தது. 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் தந்த வேர்ட்2வெக் என்ற முறை, எந்தச் சொல் எவற்றோடு வருகிறது என்று பார்த்து ஒவ்வொரு சொல்லையும் ஓர் எண் வரிசையாக மாற்றியது. அதில் ஒரு குறை: ஒரு சொல்லுக்கு ஒரே வரிசை. நதியும் எண்ணும் ஒரே முகவரியில் குடியிருந்தன. 2018இல் வந்த பெர்ட் என்ற மொழி மாதிரி அதை மாற்றியது. வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் மற்ற எல்லாச் சொற்களையும் பார்த்து, எது தனக்கு எவ்வளவு முக்கியம் என்று எடைபோட்ட பிறகே அதன் எண்கள் முடிவாகின்றன. 'மணிக்கு' பக்கத்தில் வந்தால் 'ஆறு' வேறு எண்கள், 'வற்றியது' வந்தால் வேறு எண்கள். அட்டையின் ஓட்டை இப்போது பக்கம் முழுக்க அகன்றுவிட்டது. பேனாவும் அடைப்பும் வரும் வாக்கியங்களை ஏராளமாகப் படித்திருப்பதால், பார்ஹில்லெல் கேள்விக்கும் இன்றைய மாதிரிகள் பதில் சொல்லிவிடுகின்றன.

இனி, கவலைப்படும் இடம். ஆங்கிலத்தில் எழுதிக் குவித்திருக்கிறார்கள். தமிழில் கணினி படிக்கக் கிடைப்பதில் செய்தி, சினிமா, அரசியல் நிறைய. தொழிலும் வட்டாரமும் சார்ந்த பேச்சு மிகக் குறைவு. 'கச்சான்' என்ற சொல்லைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கச்சான் வறுத்துப் பொட்டலம் கட்டி விற்பார்கள், அது வேர்க்கடலை. கடற்கரையில் 'கச்சான் எழும்பிட்டு, வள்ளத்தை இறக்காதே' என்றால் அது மேற்கிலிருந்து வீசும் காற்று. வறுப்பதும் எழும்புவதும் வினைகள், பொட்டலமும் வள்ளமும் கூட்டாளிகள். இத்தகைய வாக்கியங்கள் எழுத்தில் வந்திருந்தால் எந்தக் கணினியும் இரண்டையும் பிரித்துவிடும். எழுதப்படாத வாக்கியத்திலிருந்து அது எதையும் கற்க முடியாது. தவறாகப் புரிந்துகொண்ட கணினி நாளை நம் மீனவருக்குப் புயல் எச்சரிக்கையை மொழிபெயர்த்துச் சொல்லும் இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் எனக்கு நிம்மதி இல்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தொழிலில், உங்கள் ஊரில், ஊருக்கு வெளியே இருப்பவர்கள் வேறாகப் புரிந்துகொள்ளும் சொல் ஒன்றாவது இருக்கும். அதை எழுதி அனுப்புங்கள். பொருளை மட்டும் எழுதினால் போதாது. அந்தச் சொல்லை யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார்கள் என்று முழு வாக்கியங்களில் எழுதுங்கள், இரண்டு மூன்று வாக்கியங்கள் இருந்தால் மிக நல்லது. தறி நெய்கிறவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள், மருத்துவச்சிகள் எழுதினால் முதலிடம் கொடுத்து வெளியிடுவோம். எழுதிப் பழக்கமில்லாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுங்கள். பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும், திருத்த வேண்டாம். காகிதத்தில் பேனாவால் எழுதித் தபாலில் போட்டாலும் சரி, தட்டச்சு செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்