கடைசி அறைக்கு எட்டாத அலை

வெருகலில் நமது இல்லத்துக்கு வந்துபோகும் அன்பர்கள் சில மாதங்களுக்கு முன்வரை ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பர். மாலை 4 மணியானதும் பின்னறையிலிருந்து நமது பெரியம்மாவை இருவர் கைத்தாங்கலாகப் பற்றி முன் விறாந்தைக்கு அழைத்து வருவோம். ரொறன்ரோ நகரில் வாழும் அவரது மகள், வேலைக்குப் புறப்படுமுன் தாயின் முகத்தைக் கண்டு பேசும் நேரம் அது. கோடைகாலத்தில் நமக்கு மாலை 4 மணியெனில் அங்கே காலை 6.30. பெரியம்மாவுக்கு வயது 83. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். அவர் படுக்கும் அறைக்கு ‘வைபை’ எட்டுவதில்லை என்ற ஒரே காரணத்தால் நாள்தோறும் இந்த ஊர்வலம் நிகழ்ந்து வந்தது.

விறாந்தையிலே பிள்ளைகள் பாடம் படிப்பர். அயலவர் வந்து அமர்ந்திருப்பர். பெரியம்மாவோ, “சுகமா பிள்ளை? சாப்பிட்டியா?” என்பதற்கு மேல் ஒன்றும் பேசமாட்டார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதுமையில் பேசுதற்கு என்ன இருக்கப்போகிறது என்று நாமும் வாளாவிருந்தோம்.

நமது வீடு ஒரே காலத்தில் எழுந்ததன்று. முன்பகுதி தடித்த செங்கற்சுவரால் ஆயது. 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து, மீண்டு வந்தபின், கையிற் காசு சேர்ந்தபோதெல்லாம் ஒவ்வோர் அறையாகப் பின்னோக்கிக் கட்டினோம். நடுவே தகரம் அடித்த பத்தியொன்று இன்றும் நிற்கிறது. இப்பகுதியில் எத்தனையோ வீடுகள் இவ்வாறுதான் நீண்டன. கட்டும்போது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி பார்த்தோமேயன்றி, கண்ணுக்குத் தெரியாத அலைக்கு வழி பார்த்தோமில்லை.

அலைகள் சுவரைக் கடக்கும் என்பது புதிய செய்தியன்று. 1895ஆம் ஆண்டிலே கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள் மின்காந்த அலைகளைச் சுவரூடாகச் செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றச் செய்தும் காட்டினார். எனினும் சுவரைக் கடக்கும் அலை அச்சுவருக்கு வரி செலுத்தாமற் கடப்பதில்லை. வீட்டு வைபை இருவகை அலைகளைக் கையாளுகிறது. 2.4 கிகாஹேட்ஸ் அலை ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் நீளமுடையது; 5 கிகாஹேட்ஸ் அலை அதிற் பாதியளவே நீளமுடையது. பின்னது விரைவு மிக்கது. ஆயினும் சுவரிரண்டு குறுக்கிட்டாற் சோர்ந்துவிடும். முன்னது விரைவிற் குறைந்தாலும் சற்றுத் தொலைவு செல்லும். செங்கல் அலையை நலிவிக்கும். கம்பியிட்ட கொங்கிறீற்று அதனினும் மிகுதியாக நலிவிக்கும். தகரமும் இரும்பு அலுமாரியும் திருப்பியே அனுப்பிவிடும். நமது பத்தித் தகரம் செய்த வேலை அதுவே.

“பெரிய அன்ரெனா உள்ள ரவுட்டராக வாங்கினால் தீராதா?” என்று வினவுவோர் உளர். ஓரளவு தீரலாம், முற்றாகத் தீராது. தொடர்பு என்பது இருவழிப்பட்டது. முற்றத்தில் நின்று நாம் உரத்துக் கூவினால் உள்ளேயிருக்கும் பெரியம்மாவுக்குக் கேட்கும். அவர் மெல்லச் சொல்லும் மறுமொழி நமக்குக் கேளாது. கையடக்கத் தொலைபேசியின் குரல் அத்தகைய சிறு குரல்.

முதலில் நாம் செய்தது ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்தியமை. பொதுவாக அது நல்ல யோசனையே. நிலத்தில் வையாது ஆளுயரத்தில் வைத்தலும், அன்ரெனாவைச் செங்குத்தாக நிறுத்தலும் நன்று. செங்குத்தாக நிற்கும் அன்ரெனா தன் பக்கவாட்டிலேதான் மிகுதியாக அலை பரப்பும். ஆனால் நமது ரவுட்டர் கேபிள் வழியாக அன்றி, சிம் அட்டையிட்டுக் கோபுரத்திலிருந்து இணையத்தைப் பெறும் வகையினது. யன்னலை விட்டு உள்ளே வந்ததும் அதற்குக் கோபுரமே எட்டாது போயிற்று. பின்னறைக்கு வழிவிடப் போய் முன்னறையையும் இழந்தோம். மறுநாளே அது யன்னலடிக்குத் திரும்பியது.

பின்னர் உயர்தர வகுப்பிற் பயிலும் நமது மருமகன், “மாமா, ஒரு றிப்பீற்றர் வாங்கிப் பின்னறையில வைச்சால் சரி” என்றான். திருகோணமலை நகரிற் சென்று வாங்கி வந்து, பெரியம்மாவின் கட்டிலருகே இருந்த பிளக்கிற் செருகினோம். பச்சை விளக்கு எரிந்தது. தொலைபேசியில் கோடுகள் முழுமையாக நின்றன. மகளின் முகம் மட்டும் வரவில்லை. “கோடு நிறைய நிக்குது, ஒண்டும் வருகுதில்லையே” என்று அவன் தலையைச் சொறிந்தான்.

பிழை நம்முடையது. தனக்கே கேளாத ஒன்றை ஒருவர் பிறருக்கு எடுத்துரைக்க இயலுமா? நமது மாவட்டத்துப் பெர்க்காராவில் ஜெர்மனிய வானொலியாகிய டொய்ச்ச வெல்லேயின் அஞ்சல் நிலையம் பல ஆண்டுகள் இயங்கி, 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. தூர தேசத்து நிகழ்ச்சியைத் தெளிவாகப் பெற்று, வலிமையோடு மறுபடி ஒலிபரப்புவதே அஞ்சல் நிலையத்தின் கடமை. றிப்பீற்றரும் அத்தகையதே. அலை செத்துவிட்ட இடத்தில் அதனை வைத்தலாகாது. அலை இன்னும் நலமாயிருக்கும் நடுவழியிலேயே வைத்தல் வேண்டும். தொலைபேசி காட்டும் கோடுகளோ தொலைபேசிக்கும் றிப்பீற்றருக்கும் உள்ள உறவை மட்டுமே சொல்லும். றிப்பீற்றர் பட்டினி கிடப்பதைச் சொல்லமாட்டா.

நடுவழியில் வைத்தோம். முகம் வந்தது, ஆனால் விட்டுவிட்டு வந்தது. இதற்கும் காரணம் உண்டு. விலை குறைந்த றிப்பீற்றர்கள் ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியவை. கிண்ணியாத் துறையில் முன்னாளில் ‘பாதை’யில் ஏறிக் கடந்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். மிதவை ஒன்றே, அக்கரைக்கு ஆட்களை இறக்கிவிட்டு இக்கரைக்கு அது திரும்பும் வரை வாகனங்கள் வரிசையிற் காத்து நிற்கும். றிப்பீற்றர் வழியாக வேகம் பாதியாய்க் குறைவது இதனாலேயே. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் அக்காத்திருப்பு ஒழிந்தது. நமக்கும் பாலமே வேண்டும் என்று தெளிந்தோம்.

அப்பாலம் வெறும் கேபிள் வயரே. நமக்கு 20 மீற்றர் போதுமாயிற்று. 100 மீற்றர் வரை அது தளராமற் செல்லும். ஒரு முனையை முன்னறை ரவுட்டரிற் செருகி, மறுமுனையைப் பெரியம்மாவின் அறையில், அலுமாரியின் மேற் கிடந்த பழைய ரவுட்டரொன்றிற் செருகினோம். பழைய ரவுட்டரை ‘அக்சஸ் பொயின்ற்’ என்னும் நிலையில் அமைத்துக்கொள்ளல் அவசியம். இரண்டும் தனித்தனியே முகவரி வழங்கப் புகுந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு தபாற்கந்தோர் வைத்த கதையாகிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் இட்டோம். ‘மெஷ்’ எனப்படும் தொகுதிகள் இவ்வேலையைத் தாமே இணக்கமாகச் செய்யும். ஆனால் விலை அதிகம், தகரத்தைக் கண்டால் அவையும் திகைக்கவே செய்யும்.

இதனைப் படிக்கும் மாணவர்கள் 2020, 2021ஆம் ஆண்டுகளை மறந்திருக்கமாட்டார்கள். பாடசாலைகள் பூட்டப்பட்டு, பாடமெல்லாம் தொலைபேசிக்குள் வந்த நாட்களில், மலைநாட்டுப் போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறையுச்சிக்கு ஏறினர். அத்துன்பத்தோடு ஒப்பிட்டால் நமது பத்தித் தகரம் ஒரு பொருட்டன்று. எனினும், விறாந்தைச் சத்தத்தில் அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கும், கதவடைத்துப் படிக்கும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் நாம் கண்ணாரக் காண்கிறோம்.

மேசன் ஒருவர் சுவரிற் சிறு துளையிட்டுத் தந்தார். முதல் நாள் மாலை பெரியம்மாவைக் கட்டிலிலேயே சாய்த்து அமர்த்தி, தொலைபேசியைக் கையிற் கொடுத்தோம். மகளின் முகம் தெளிவாக வந்தது. நாமும் மருமகனும் வெற்றிப் பெருமிதத்தோடு அருகே நின்றோம். பெரியம்மா நம்மை ஏறிட்டு நோக்கி, “தம்பி, கதவைச் சாத்திப்போட்டுப் போ மனே” என்றார்.

அன்று அவர் பேசிய நேரம் ஒரு மணித்தியாலத்துக்கும் மேல். என்ன பேசினார் என்று நாம் கேட்கவில்லை. அழுததுபோல் மட்டும் ஒரு முறை கேட்டது. பின் சிரிப்பும் கேட்டது.

ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. கேபிளை வெளிச்சுவரோடு கொண்டுசெல்வோர் பி.வி.சி. குழாய்க்குள் இட்டு, துளையை மாரி தொடங்குமுன் சீமெந்தால் அடைத்துவிடுக. எறும்பும் ஈரமும் அவ்வழியே வரும். இடி முழங்கும் இரவுகளில் இரு முனையையும் கழற்றி வைத்தல் நன்று. நமது வீட்டில் அப்பொறுப்பை மருமகனிடம் விட்டுள்ளோம். மழைக்குறி கண்டதும் அவனுக்கு முதலில் நினைவூட்டுபவர் பெரியம்மாதான்.