ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி: ரத்தக் கசிவா? சுண்ணாம்பா?
பழைய படம் இருந்தால் குழப்பம் தீரும்!

மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். சி.டி. ஸ்கேன் படத்தில், மூளைக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி! "ஐயோ, தலைக்குள்ளே ரத்தம் கசிஞ்சிருக்கு!" என்று வீட்டார் அலறுகிறார்கள்.

அது ரத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல வருடங்களுக்கு முன்பே படிந்துபோன சுண்ணாம்பாகவும் இருக்கலாம். படத்தில் இரண்டுமே வெள்ளைதான்!

தமிழ்நாட்டில் மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளிலும் சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது. அடிபட்டவர்களுக்கு உடனே படம் எடுக்கிறார்கள். கூடவே இந்தக் குழப்பமும் வருகிறது.

தப்பாகப் பார்த்தால்...

சுண்ணாம்பை ரத்தம் என்று நினைத்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டம், வீண் செலவு. இருதய நோயாளி என்றால், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையும் நிறுத்தப்படலாம். அது வேறு ஆபத்து.

ரத்தத்தைச் சுண்ணாம்பு என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பினாலோ, உயிருக்கே உலை!

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இடம். மூளையின் நடுவே உள்ள பினியல் சுரப்பியில் வயது ஏற ஏற சுண்ணாம்பு படிவது சகஜம். மூளையின் ஆழத்தில் இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி படிவதும் உண்டு. நாடாப்புழு முட்டையால் மூளையில் கட்டி வந்து ஆறியவர்களுக்கும் சுண்ணாம்புப் புள்ளி தங்கிவிடும். இந்தியாவில் இது அபூர்வம் அல்ல.

அடுத்து எண். சி.டி. ஸ்கேனை உருவாக்கி, 1979-ல் நோபல் பரிசு பெற்ற இங்கிலாந்து என்ஜினீயர் ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரில் ஓர் அளவு உண்டு. தண்ணீருக்கு 0. புது ரத்தத்துக்குச் சுமார் 50 முதல் 90. நூறைத் தாண்டிவிட்டால் சுண்ணாம்பு என்ற எண்ணம் வலுக்கும். புள்ளி ரொம்பச் சின்னது என்றால் இந்தக் கணக்கும் கைகொடுக்காது.

அப்போது சில மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன். ரத்தம் பெருகலாம், நாளாக ஆக மங்கும். சுண்ணாம்பு அப்படியே இருக்கும்.

பீரோவில் இருக்கிறதா?

இத்தனை சிக்கலையும் சுலபமாகத் தீர்ப்பது பழைய ஸ்கேன் படம். விபத்துக்கு முன்பு எடுத்த படத்தில் அதே இடத்தில் அதே புள்ளி இருந்தால், அது புது ரத்தம் அல்ல. தலைவலிக்கோ வலிப்புக்கோ எப்போதோ எடுத்த படத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக் கூடாது.

சுண்ணாம்புதான் என்று முடிவானாலும் அசட்டை கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும்.

புள்ளி பழசாக இருக்கலாம், அடி புதுசு!