விற்கும் வீட்டுக்கு வெள்ளையடித்தல்

வீடு என்பது விடு என்னும் முதனிலை திரிந்து பிறந்த சொல் என்பதை எம் மாணவர் நன்கறிவர். ஆதலால் வீட்டை விற்பதே பழி என்று சொல்ல நான் முன்வரவில்லை. மகளின் கலியாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் வளவு விற்றவர் நம் பாட்டன்மாருள்ளும் உளர். விற்கலாம்; விற்குமுன் எதனை ஆயத்தஞ் செய்கின்றோம் என்பதே வினா.

இக்காலத்தில் வீடு விற்க எண்ணுவோர் முதலில் நாடுவது தரகரை. அவர் வந்து வளவைச் சுற்றிப் பார்க்கின்றார். ஒழுகும் ஓட்டை மாற்றச் சொல்வதில்லை. ஒழுக்கினாற் சுவரிற் பட்ட கறையை வர்ணம் பூசி மறைக்கச் சொல்கின்றார். தாய் தந்தையர் படங்களைக் கழற்றிவிட்டால் அறை பெரிதாகத் தோன்றுமாம். கைத்தொலைபேசியிற் படமெடுத்துக்கொண்டு போகின்றார். மறுநாள், நன்னீர்க் கிணறு, உறுதி சுத்தம் என்று விளம்பரம் வந்துவிடுகின்றது. உறுதியைப் பார்த்தீரோ என்று கேட்டால், அது நொத்தாரிசின் வேலை என்பது மறுமொழி.

தரகரை நான் இகழவில்லை. அற்றோணித் தத்துவம் அனுப்பிக் கடலுக்கு அப்பாலிருந்து விற்போர் மலிந்த இந்நாளில், வாங்குவோரைத் தேடித்தர ஒருவர் வேண்டும். ஆனால் இருபக்கமும் தரகு பெறுபவர் எவர் பக்கத்து ஆள்? தரகு நூற்றுக்கு எவ்வளவு, யார் எப்போது கொடுப்பது, வேறொரு தரகரிடமுஞ் சொல்லலாமா என்பவற்றை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள நம்மவர் கூசுகின்றனர். நொத்தாரிசும் சாட்சிகள் இருவரும் இன்றிக் காணி விற்பனை செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. வீட்டுக்கு எழுத்து வேண்டும். தரகுக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமா?

இது நிற்க. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுக்கப்பட்ட தேசவழமையில் ஓர் ஒழுங்கு காணப்படும். காணி விற்க நினைப்பவர் தாம் சார்ந்த தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அதனை அறிவித்தல் வேண்டும். எதற்காக மூன்று? பங்காளியும் உரித்தாளரும் செவியுற்று, நாமே வாங்குகின்றோம் என்று முன்வருதற்கு. அந்நாளில் அயற்காணிக்காரருக்கும் ஓரளவு இடமிருந்தது. 1947இல் வந்த சட்டம் முன்வாங்கும் உரிமையைக் கூட்டுச் சொந்தக்காரருக்கும் விற்பவரின் உரித்தாளராகக் கூடியோருக்கும் என வரையறுத்தது. ஆக, நம் நாட்டில் வீட்டு விற்பனையின் முதல் விளம்பரம் உறவினரை நோக்கியே செய்யப்பட்டது. இன்று அவர்கள் செவிக்கு எட்டாமற் செய்வதே கெட்டித்தனமாகிவிட்டது.

எங்கள் ஊரில் அண்மையில் ஒரு நாற்சார் வீடு விலைப்பட்டது. உடன்பிறந்தோர் நால்வர். மூவர் வெளிநாட்டில். மூத்தவர், மணமாகாதவர், பெற்றோரைக் கடைசிவரை பார்த்துவிட்டு அவ்வீட்டிலேயே இருந்தார். வீடு தரகரிடம் போனது அவருக்குத் தெரிந்தது, அயலூரார் இருவர் படலையைத் திறந்துகொண்டு வந்து, "அம்மா, கிணற்றைப் பார்க்கலாமோ?" என்று கேட்டபோது. அவர் நீர் அள்ளி அவர்களுக்குக் குடிக்கவும் கொடுத்தார். நாலில் ஒரு பங்கு அவருடையது. அவர் ஒப்பமின்றி முழுவீடு கைமாறாது. ஆகவே பிறகு தொலைபேசியிற் கேட்டார்கள். விலைபேசி, முற்பணமும் வாங்கியபின் கேட்டார்கள். அவர் ஒப்பமிட்டார். இப்போது சிறிய தாயாரின் மகள் வீட்டுப் பின்னறையில் இருக்கின்றார். சட்டத்துக்கு இதிற் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்வேன்: தம்பிமார் செய்தது முறையன்று.

அவ்வீட்டுக் கிணற்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. விளம்பரத்திற் கிணறு முழுவதும் விலைக்கு வந்தது. உறுதியில் அதன் பாதிப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையுமே உண்டு. மறுபாதிக்குரிய அயலவர் வேலிப் பொட்டால் வந்து அள்ளுபவர். வாங்கியவர் மதில் கட்ட அத்திவாரம் வெட்டியபின்னரே இது வெளிப்பட்டது. நம் பழைய உறுதிகள் நான்கெல்லையையும், கிணற்றையும், பயன்தரு மரங்களையும் ஒரே வாக்கியத்தில், மூச்சுவிடாமற் சொல்லிச் செல்லும். இலக்கணக்காரனுக்கு அவ்வாக்கியம் தலைவலி. ஆயினும் ஒரு வாளி நீருக்கும் அதிற் கணக்கிருக்கும்.

ஆகவே தரகரை அழைக்குமுன் பெட்டியைத் திறந்து உறுதியை வாசியுங்கள். 1995 இடப்பெயர்விற் பறிகொடுத்தோர், அது பதியப்பட்டிருப்பின், காணிப் பதிவகத்திற் பிரதி பெறலாம். ஈடு மீட்கப்பட்டுப் பதியப்பட்டதா என்று பாருங்கள். பங்குகாரர் எந்த நாட்டில் இருந்தாலும், விலையைக் குறித்து எல்லாருக்கும் எழுதுங்கள். வீட்டில் இருப்பவருக்கு முதலில். அவர் எங்கே போய் இருப்பார் என்பதையும் அக்கடிதத்திலேயே எழுதுங்கள். மூன்று கிழமை பொறுங்கள். சுண்ணாம்பை அதன்பின் வாங்கலாம். மாரிக்கு முன் பூசினால் எப்படியும் ஊறிப்போகும்.